நம்ம மண்ணின் அய்யா வைகுண்டர்

தோளில் சேலை, இடுப்பில் தண்ணிக்குடம். நமக்கு இது சாதாரணம். 200 வருஷத்துக்கு முன்னால், திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு இரண்டுமே தடை. ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. தலைவரி ஒருபக்கம், கூலியில்லா ஊழியம் மறுபக்கம்.

அந்தக் காலத்தில், 1809இல், இன்றைய சாமித்தோப்பில் பிறந்தவர் அய்யா. பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். அந்தப் பெயருக்கே மேல்சாதியார் எதிர்ப்பு. முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. 1833இல் நோயோடு திருச்செந்தூர் போய்க் கடலில் இறங்கியவர் வைகுண்டராய்த் திரும்பினார் என்பது பக்தர்கள் நம்பிக்கை.

சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு வெட்டி, பதினெட்டுச் சாதியாரையும் ஒரே தண்ணியில் குளிக்க வைத்தார். ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். பதியில் சிலை கிடையாது, கண்ணாடிதான். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் கும்பிடணும். மன்னர் சுவாதித் திருநாள் அவரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார். விடுதலையான பிறகும் அய்யா ஓயவில்லை. அவர் சொல்கேட்டு 700 குடும்பங்கள் வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தன. துவைத்த துணி, சுத்தமான உடம்பு, எளிய சாப்பாடு என்று ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்து காட்டினார்கள்.

1851இல் அய்யா மறைந்தார். மேலாடை உரிமையை அரசு அறிவித்தது 1859இல்தான், அதுவும் கட்டுப்பாடோடு. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று குழுக் கூட்டத்தில் ஒரே பாயில் உட்காருகிறோம். ஒருத்தி வீட்டுத் தண்ணியைக் குடிக்க இன்னொருத்தி தயங்கினால், அய்யா வெட்டிய கிணறு நமக்கு எதற்கு?