நோயும் ஹிட்லரும் மிரட்டியும் ஓயாத தூரிகை!

அம்பு, கண், மீன், நட்சத்திரம்... பளிச் வண்ணத்தில், குழந்தை கிறுக்கினாற்போல் இருக்கும். வரைந்தவர் உலகப் புகழ் ஓவியர் பால் கிளே.

1879-ல் சுவிட்சர்லாந்தில், பெர்ன் அருகே பிறந்தார். அப்பா ஜெர்மன்காரர், அதனால் பிள்ளையும் ஜெர்மன் குடிமகன்.

ஜெர்மனியில் ஓவியப் பேராசிரியராக இருந்தவரை 1933-ல் ஹிட்லர் ஆட்சி வேலையைவிட்டுத் தூக்கியது. பெர்னுக்கே திரும்பினார்.

1935-ல் நோய் வந்தது. தோல் இறுகியது, சோறு விழுங்கவே சிரமம். 1937-ல் அவருடைய 17 படங்களை, சீரழிந்த கலை என்று மூனிச்சில் ஊர் சிரிக்க மாட்டி வைத்தார்கள்.

மனுஷர் அசரவில்லை. கோட்டைத் தடிமனாக்கினார். 1939-ல் மட்டும் 1,200 படங்களுக்கு மேல்!

சுவிஸ் குடியுரிமைக்கு மனுப் போட்டார். அது கைக்கு வருமுன்பே, 1940 ஜூன் 29-ல் உயிர் பிரிந்தது. அதே பெர்னில் 2005 முதல் அவர் பெயரிலேயே ஓவியக்கூடம் இருக்கிறது.