எழுத்தை ஏந்தித் தந்த அன்னை சாவித்திரிபாய் புலே

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நாம் நன்றியோடு நினைக்கத்தக்க பெருமக்கள் பலர். அவர்களுள் அன்னை சாவித்திரிபாய் புலே அவர்களின் வாழ்வை இம்மலரில் வரைய முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. எளாவூரிலும் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களிலும் நம் பிள்ளைகளிடம் ஒரு கதை எழுதச் சொன்னால், வடை திருடிய காக்கையின் கதையையே எழுதுகிறார்கள். காக்கையின் கதையில் குறையில்லை. ஆனால் விடியுமுன் ஏரிநீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் பாட்டியின் கதையை எவரும் எழுதுவதில்லை. அது எழுதத் தக்கதன்று என்று யாரோ அவர்களுக்குச் சொல்லாமற் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ நாமாகவும் இருக்கலாம். இவ்வெண்ணம் தவறானது என்பதற்கு அன்னையின் பள்ளியே சான்று.

சாவித்திரிபாய் 1831-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3-ஆம் நாள், மராட்டிய மண்ணில் சாதாரா மாவட்டத்து நைகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1840-இல், ஒன்பது வயதில், பதின்மூன்று வயதினரான ஜோதிராவ் புலேயை மணந்தார். அப்போது அவர் எழுத்தறியாதவர். கணவரே அவருக்கு ஆசானானார். பின்னர் அவர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1848-இல் புனாவில் பிடே வாடா என்னும் இல்லத்தில் பெண்களுக்கெனப் புலே தம்பதியர் பள்ளி தொடங்கியபோது, சாவித்திரிபாய் அதன் ஆசிரியையாய் அமர்ந்தார். அவருக்கு அப்போது வயது 17.

பெண் கற்பதையே பொறாத காலம் அது. பெண்ணொருத்தி கற்பிக்க வீதியில் நடந்து செல்வதை ஊரார் எங்ஙனம் பொறுப்பர்? அவர்மேல் சாணத்தையும் கல்லையும் எறிந்தனர். பள்ளி சென்றதும் மாற்றிக்கொள்ள மற்றொரு சேலையை அவர் உடன் கொண்டு செல்வார் என்பது அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. 1849-இல் மாமனார் இல்லத்தை விட்டும் வெளியேற நேர்ந்தது. உஸ்மான் ஷேக் என்னும் இசுலாமிய நண்பர் அவர்களுக்குத் தம் வீட்டில் இடமளித்தார். பாத்திமா ஷேக் அம்மையார் பள்ளிப் பணியில் தோள் கொடுத்தார். பின்னர் மகர், மாங்கு முதலிய ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன.

அப்பிள்ளைகளுள் ஒருத்தி முக்தா சால்வே. மாங்குக் குலத்தில் பிறந்தவள். மூன்றாண்டுகளே பள்ளியில் பயின்றவள். ஏறத்தாழப் பதினான்கு வயதில் அச்சிறுமி, மாங்குகளும் மகர்களும் படும் துயரங்களைப் பற்றித் தன் கையால் ஒரு கட்டுரை எழுதினாள். 1855-ஆம் ஆண்டு ஞானோதயம் என்னும் மராத்தி இதழ் அதனை அச்சேற்றியது. பேஷ்வாக்கள் ஆட்சியில் தன் மக்களைக் கட்டடங்களின் அடித்தளத்தில் புதைத்த கொடுமையைச் சொன்னாள். மேலே கூரையின்றிப் பிள்ளை பெறும் தாய்மாரின் வேதனையைச் சொன்னாள். வேதத்தை ஒரு சாராரே படிக்கலாமென்றால் எமக்கு உரிய சமயம் எது என்று வினவினாள். கல்வியே பிணிதீர்க்கும் மருந்தென்று தன் மக்களை அழைத்தாள். ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தி எழுதி அச்சேறிய முதல் எழுத்துகளுள் ஒன்றாக அறிஞர்கள் இதனை மதிக்கின்றனர்.

இளைஞர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். முக்தா பிறர் கதையைப் படியெடுக்கவில்லை. தன் வீட்டுத் துயரம் எழுதத் தக்கதென்று அவள் நம்பினாள். அந்நம்பிக்கைக்கு இடந்தந்த பள்ளியே பள்ளி. அன்னையும் வெறும் எழுத்தறிவோடு நிற்கவில்லை. 1854-இல் தம் பாடல்களைக் காவ்ய புலே என்னும் நூலாக வெளியிட்டார். எழுதும் ஆசிரியையின் நிழலில் எழுதும் பிள்ளைகள் வளர்வது இயல்பன்றோ?

அவர் தொண்டு பள்ளியோடு முடியவில்லை. 1863-இல் ஆதரவற்ற கைம்பெண்களும் அவர்தம் குழந்தைகளும் உயிர் பிழைக்கப் புலே தம்பதியர் ஓர் இல்லம் அமைத்தனர். அத்தகைய ஒரு தாயின் மகனான யஷ்வந்தைத் தம் மகனாகவே வளர்த்தனர். 1873-இல் ஜோதிராவ் நிறுவிய சத்திய சோதக் சமாஜத்தின் பணியை, 1890-இல் அவர் மறைந்தபின் அன்னை தாங்கி நின்றார். 1897-இல் புனாவில் கொள்ளை நோய் பரவியபோது, நோயுற்ற ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவனைத் தம் தோளில் சுமந்து மருத்துவமனை சேர்த்ததாகவும், அந்நோய் தம்மையும் பற்றிக்கொண்டதாகவும் அவர் வரலாறு கூறுகிறது. அவ்வாண்டு மார்ச்சு 10-ஆம் நாள் அவர் மறைந்தார். 2014-இல் புனேப் பல்கலைக்கழகம் அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

நம் ஊர்களில் மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கையருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளிது. பிள்ளையை முதலில் பேசவிடுங்கள். நேற்று வீட்டில் என்ன நடந்தது, அடுத்து என்ன, முடிவில் என்ன என்று கேளுங்கள். அவன் சொன்ன சொல்லையே மூன்று வரியாக எழுதச் செய்யுங்கள். பிழையைப் பிறகு திருத்தலாம். முதலில் வாய் திறக்கட்டும். வலையும் பறியும், வற்றிய ஏரியும், மீன் கிடைக்காத நாளின் அடுப்பும் அவன் தாளில் ஏறட்டும். பொன் விழா மலரை அப்பிள்ளைகளே எழுதுவார்களாயின், அதுவே அன்னைக்கு நாம் செலுத்தும் உண்மை வணக்கமாகும்.