மயிலுக்குப் போர்வை தந்தவன்



பழனியில் படித்துக்கொண்டு பேகனைத் தெரியாது என்றால் சிரிப்பார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்! எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. மீதிக் கதை, நூலகத்தில் புறநானூற்று உரையைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் இந்த மலைநாட்டை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். ஆவியர் குடியில் வந்த வேளிர் தலைவன். அன்று நம் ஊருக்குப் பொதினி என்று பெயர். சேர, சோழ, பாண்டியருக்கு நடுவே மலையை நம்பி வாழ்ந்த குறுநில மன்னர்களில் இவனும் ஒருவன். அந்தக் காலத்தில்தான் ஐரோப்பாவில் ரோமப் பேரரசின் எல்லையோரம் கெல்டிய இனக்குழுக்கள் வாழ்ந்தன. அவர்களைப் பற்றி அதிகம் எழுதியது அவர்களை வென்ற ரோமானியர்கள். நம் பேகனைப் பாடியதோ, அவன் வாசலுக்கே வந்த புலவர்கள்!

மலைச்சாரலில் ஒரு மயில் குளிரில் நடுங்குவதாக நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தான். மயில் அதைப் போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தும் கொடுத்தான். பரணர் இதைப் பாராட்டிப் பாடினார்.

ஆனால் அதே பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு, நல்லூரில் வேறொருத்தி வீடே கதியென்று கிடந்தான். கண்ணகி பூ வைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் அவளுக்காகப் போய்ப் பாடினார்கள். பொன்னும் பொருளும் வேண்டாம், தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே எங்களுக்குப் பரிசு என்று கேட்டார்கள். பரிசு வாங்கிப் பிழைக்கிறவர்கள் பரிசை வேண்டாம் என்றார்கள், பாருங்கள்! பேகன் போனானா என்று அந்தப் பாட்டுகளில் இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஹாஸ்டலில் எனக்குத் தாராளப் பிரபு என்று பேர். டீ, புரோட்டா எல்லாம் என் கணக்குத்தான். ஒட்டன்சத்திரம் தாண்டி இருக்கும் ஊருக்கு மூன்று மாதமாகப் போகவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். அம்மா காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. என் பீஸுக்காக அடகுக்குப் போன தோடு அது. என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும்தான் கேட்டது.

நண்பர்களே, மயிலுக்குப் போர்வை கொடுப்போம். அதற்கு முன்னால் ஒரு நடை வீட்டுக்கும் போய் வருவோம்!