இயற்கையில் இறை கண்டவர்

ஆம்ஸ்டர்டாம் நகரின் யூத வணிகர் குடும்பத்தில் 1632ஆம் ஆண்டு பிறந்தவர் ஸ்பினோசா. மறைநூல்களை முறையாகப் பயின்ற அவர், அவற்றையும் அறிவால் ஆராயத் துணிந்தார். மரபுக்கு மாறான கருத்துடையவர் எனக் குற்றம் சாட்டி, 1656இல் யூதச் சமூகம் அவரை விலக்கியது. அப்போது அவருக்கு அகவை 23. பின்னர்க் கண்ணாடி வில்லைகளைத் தீட்டும் தொழில் செய்து எளிமையாக வாழ்ந்தார். இறைவன் உலகுக்கு அப்பாற்பட்டவன் அல்லன். இயற்கை முழுமையுமே இறை. மனிதன் அதன் ஒரு கூறு. இவ்வுண்மையை அறிவால் உணர்வதே பேரின்பம் என்பது அவர்தம் கொள்கை. 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சிந்தனை உரிமைக்கு எல்லை வகுக்கப்படலாம் எனக் கருதி அதனை மறுத்தார். 1677இல் மறைந்தார். வாழ்நாளில் வெளியிட இயலாதுபோன ‘அறவியல்’ என்னும் அவரது பெருநூலை நண்பர்கள் அவ்வாண்டே பதிப்பித்தனர்.