கோடு கற்பித்த ஆசான்

பீகார் மாநிலத்தில் கரக்பூர் என்னும் ஊரில், 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் நந்தலால் போஸ் பிறந்தார். அவருடைய தாயார் சேத்திரமணி தேவி, மகனுக்காகத் தம் கையாலேயே பொம்மைகள் செய்து தருவார். அதனைக் கண்டு வளர்ந்த சிறுவன், தானும் களிமண்ணால் உருவங்கள் செய்தான். பூசைப் பந்தல்களை அழகுபடுத்தினான்.

பதினைந்தாம் வயதில் உயர்நிலைக் கல்விக்காக நந்தலால் கல்கத்தா சென்றார். ஆனால், பாடநூல்களில் அவர் மனம் ஒன்றவில்லை. கல்லூரித் தேர்வுகளில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றார். வணிகவியல் பயிலச் சேர்ந்தபோதும் அவர் மனம் ஓவியத்தையே நாடியது. இறுதியில் வீட்டாரின் இசைவைப் பெற்று, கல்கத்தா ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவனீந்திரநாத் தாகூர் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

பின்னர், கவிஞர் இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனில் குடியேறினார். அங்குள்ள கலாபவனத்தின் முதல்வராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

மாணவர்களை மரத்தடிக்கும் வயல்வெளிக்கும் சிற்றூர்களுக்கும் அழைத்துச் செல்வது அவர் வழக்கம். முதலில் கண்ணால் நன்கு பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே கையால் வரைதல் வேண்டும் என்பது அவர் கற்பித்த முதற்பாடம். மரத்தை வரையும்போது உச்சியிலிருந்து தொடங்கக் கூடாது. மரம் கீழிருந்து மேலே வளர்வதனால் கோடும் அவ்வாறே அடியிலிருந்து எழ வேண்டும் என்று அறிவுறுத்தினார். கோடு என்பது வெறும் எல்லையன்று, பொருளின் உயிரோட்டம் என்பதை மாணவர்கள் இவ்வாறு உணர்ந்தனர்.

நம் வீட்டு வாயிலில் கோலம் இடுவது போல, வங்காளப் பெண்கள் அரிசிமாவைக் கரைத்துத் தரையில் 'அல்பனா' இடுவர். நந்தலால் அக்கலைக்கும் கலாபவனத்தில் இடமளித்தார்.

இரவீந்திரநாத் தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய 'சஹஜ் பாட்' என்னும் வங்காள அரிச்சுவடி 1930இல் வெளிவந்தது. அதற்குப் படங்கள் அமைத்தவர் நந்தலாலே. கருமை, வெண்மை ஆகிய இரண்டைக் கொண்டே அவர் மரங்களையும் மனிதர்களையும் தீட்டினார். எழுத்தைக் கற்கும் வயதிலேயே வங்கக் குழந்தைகள் வடிவத்தையும் இடைவெளியையும் காணக் கற்றனர்.

ஒருமுறை சிறுவன் ஒருவன் தன் தாயுடன் சாந்திநிகேதன் வந்தான். அவனுடைய ஏட்டில் நந்தலால் ஒரு வரிப்புலியை வரைந்து, அதன் வால்நுனியில் கருமை தீட்டினார். வால்நுனி மட்டும் ஏன் கறுப்பாக உள்ளது எனச் சிறுவன் வினவினான். அப்புலி பேராசை கொண்டது. இறைச்சி திருடச் சமையலறைக்குள் நுழைந்தபோது வால் எரியும் அடுப்பில் பட்டுவிட்டது என்று அவர் விடையளித்தார். அச்சிறுவனே பிற்காலத்தில் கலாபவனத்தில் பயின்று, உலகப் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரான சத்யஜித் ராய்.

காந்தியடிகளின் விருப்பப்படி, 1938இல் ஹரிபுரா காங்கிரசு மாநாட்டிற்காக உழவர், குயவர், இசைக்கலைஞர் முதலிய எளிய மக்களின் வாழ்வை நந்தலால் ஓவியங்களாக்கினார். இந்திய அரசியலமைப்பின் மூலப்படியை அவரும் அவருடைய மாணவர்களும் ஓவியங்களால் அணிசெய்தனர்.

ஓவியம் ஓவியர் ஆகப்போகிறவர்க்கு மட்டும் உரியதன்று; அழகை உணரும் கண் எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டும் என நந்தலால் வலியுறுத்தினார். அவர் 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மறைந்தார். தேர்வில் தோற்ற மாணவர் ஒருவர், ஒரு நாட்டின் கண்களுக்கே ஆசானாக விளங்கினார்.

பயிற்சி

1. நந்தலாலுக்குச் சிறுவயதில் கலையார்வம் எவ்வாறு தோன்றியது?
2. மரத்தை எவ்வாறு வரைய வேண்டும் என அவர் கற்பித்தார்? ஏன்?
3. புலியின் வால்நுனி கறுத்த கதையை உம் சொற்களில் எழுதுக.
4. நீர் வாழும் ஊரில் உள்ள மரம் ஒன்றை நன்கு உற்றுநோக்கி, அடியிலிருந்து தொடங்கி வரைக.