விஜயலட்சுமி பண்டிட் அம்மையார்

இந்திய விடுதலைப் போரில் பங்குகொண்ட பெண்மணிகளுள் உலக அரங்கிலும் புகழ் பெற்றவர் திருமதி விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் ஆவார். இவர் 1900ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் அலகாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் மோதிலால் நேரு பெயர்பெற்ற வழக்கறிஞர். தமையனார் ஜவஹர்லால் நேரு. பெற்றோர் இட்ட பெயர் சொரூப குமாரி. 1921இல் ரஞ்சித் பண்டிட் என்பாரை மணந்தபோது விஜயலட்சுமி எனப் பெயர் பெற்றார். மாணவச் செல்வங்களே, உங்களுக்குக் கிடைத்திருக்கும் பள்ளிக்கூடப் படிப்பு இவருக்கு வாய்க்கவில்லை. வீட்டிலேயே ஆசிரியை வைத்துக் கற்பிக்கப்பட்டார்.

1937இல் ஐக்கிய மாகாணத்தில் உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளின் அமைச்சரானார். இந்தியாவில் அமைச்சர் பதவி ஏற்ற முதற் பெண்மணி இவரே. விடுதலைப் போரில் மும்முறை சிறை சென்றார். கணவரும் சிறையில் உடல் நலிந்து, வெளிவந்தபின் 1944 ஜனவரியில் காலமானார். ஆண் வாரிசு இல்லை என்பதனால் கணவரின் குடும்பச் சொத்தில் அம்மையாருக்குப் பங்கு மறுக்கப்பட்டது. மூன்று பெண்மக்களுடன் அவர் தனித்து நின்றார்.

சொத்துரிமை இழந்த அப்பெண்மணிதான், மூன்று ஆண்டுகளுக்குள், கடல் கடந்து வாழ்ந்த நம் இனத்தாரின் நிலவுரிமைக்காக உலக நாடுகளின்முன் வாதாடினார். நம் முன்னோர் ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தது போலவே, 1860 முதல் சென்னையிலிருந்து பலர் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நெட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் குறித்த சில பகுதிகளுக்கு வெளியே நிலம் வாங்கவோ குடியிருக்கவோ கூடாதென்று 1946இல் அந்நாட்டு அரசு சட்டம் இயற்றியது.

அவ்வாண்டு நியூயார்க்கில் கூடிய ஐக்கிய நாடுகள் பொது அவைக்கு இந்தியக் குழுவின் தலைவியாக அம்மையார் சென்றார். இது தம் நாட்டின் உள்விவகாரம், பிறர் தலையிடலாகாது என்று வாதித்தார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். அவரோ உலகறிந்த முதுபெரும் தலைவர். அம்மையார் அஞ்சவில்லை. டிசம்பர் 8ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவை. இந்தியாவின் பக்கம் 32 நாடுகள், எதிராக 15 நாடுகள். ஆதரித்த நாடுகளுள் ஒன்று எதிர்ப்பக்கம் மாறி வாக்களித்திருந்தாலும் தீர்மானம் தோற்றிருக்கும்!

தென்னாப்பிரிக்கா அதற்குப் பணியவில்லை; அங்கு நிறவெறி ஆட்சி 1994 வரை நீடித்தது. ஆயினும் தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பட்ட துயரம் அன்று உலகப் பேரவையின் வழக்காயிற்று.

நேருவின் தங்கை என்பதனால் பதவிகள் வந்தன என்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் 32 நாடுகளின் வாக்கை அண்ணனின் பெயர் மட்டுமே ஈட்டித் தந்திராது.

பின்னர் சோவியத் நாட்டிலும் அமெரிக்காவிலும் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1953இல் ஐக்கிய நாடுகள் பொது அவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாற்காலியில் அமர்ந்த முதற் பெண்மணி இவரே. அப்போது மலாயாவுக்கு அவ்வவையில் இடமில்லை. விடுதலை பெற்று 1957 செப்டம்பரில்தான் நம் நாடு உறுப்பினராயிற்று. 1954 முதல் 1961 வரை இலண்டனில் இந்தியத் தூதராகவும், பின்னர் மகாராட்டிர மாநில ஆளுநராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார்.

1975இல் இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது பிரதமராக இருந்தவர் அண்ணன் மகள் இந்திரா காந்தி. உறவு பாராமல் அதனை எதிர்த்த அம்மையார், 1977 தேர்தலில் எதிர்க்கட்சியினருக்காக ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 76. அத்தேர்தலில் இந்திராவின் ஆட்சி வீழ்ந்தது. 1990 டிசம்பர் முதல் நாள், டேராடூனில் அம்மையார் இயற்கை எய்தினார்.