தாய்மார்க்காக வழக்காடிய அன்னி பெசண்ட் அம்மையார்

மக்கட்பேறு பேறுகளுட் சிறந்தது என்பது நம் முன்னோர் கொள்கை. மணமக்களை வாழ்த்துங்கால், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று முதியோர் வாழ்த்துவர். அப்பதினாறு குழந்தைகளைக் குறித்ததன்று, செல்வங்களைக் குறித்தது என்று தமிழாசிரியர் விளக்குவர். ஆயினும் ஆண்டுக்கொரு மகவை ஈன்று, ஈன்றவற்றுட் சிலவற்றை மண்ணுக்கு ஈந்து, முப்பது வயதிற்குள் மூப்பெய்திய தாய்மார் எந்நாட்டிலும் பலராயிருந்தனர். எத்தனை மகவு, எப்பொழுது என்பதனை அத்தாய்மாரும் அறிந்து ஆராய்ந்து முடிவு செய்தல் கூடும் என்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடிய பெண்மணி ஒருவர் உளர். அவரே நம் சென்னை அடையாற்றில் நெடுங்காலம் வாழ்ந்து, அங்கேயே உயிர் நீத்த அன்னி பெசண்ட் அம்மையார். சுயஆட்சி இயக்கத்தின் தலைவியாக அவரை அறியாதார் இலர். இப்பகுதியை அறிந்தார் சிலரே. ஆதலின் ஈண்டு இதனையே விரித்துரைக்க முற்பட்டேன்.

திருச்சபையை விட்டு நீங்கிய ஒருவரின் வாழ்க்கையை மிஷன் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என்று நண்பர் சிலர் என்னை வினவினர். நம்மோடு ஒத்த கருத்துடையாரை மட்டுமே கற்போமாயின், நம் கல்வி கண்ணாடியில் தன் முகம் பார்த்து மகிழ்வதொன்றாய் முடியும். அம்மையாரின் கொள்கைகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்தம் நெஞ்சுரத்தைப் போற்றுதற்கு அஃது ஒரு தடையன்று.

அம்மையார் 1847-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாயார் ஹாரோவில் பள்ளி மாணவர்க்கு விடுதி நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். எல்லன் மாரியட் என்னும் கல்வியிற் சிறந்த மாது அன்னியைத் தம்மிடம் வைத்துக் கற்பித்தார். இளமையில் அவர் கொண்டிருந்த பக்தி ஆழ்ந்தது. அதனாலேயே ஒரு குருவானவரின் மனைவியாய் ஊழியஞ் செய்தல் உயர்ந்த வாழ்வு என்று எண்ணி, 1867-ஆம் ஆண்டு தம் இருபதாம் வயதில் பிராங்க் பெசண்ட் என்பாரை மணந்தார். மகன் டிக்பியும் மகள் மேபலும் அடுத்தடுத்துப் பிறந்தனர்.

இல்லறம் இனிதாக அமையவில்லை. 1871-இல் கைக்குழந்தையாகிய மேபல் கக்குவான் நோயால் பல வாரம் மூச்சுத் திணறித் துன்புற்றாள். அத்தொட்டிலருகே விழித்திருந்த இரவுகளில், குற்றமறியாக் குழந்தைக்கு இத்துன்பம் ஏன் என்னும் ஐயம் தாயின் உள்ளத்திற் புகுந்தது. குழந்தை பிழைத்தது; ஐயம் தீரவில்லை. நம்பாததை நம்பியதுபோல் நடித்தல் தகாதென்று கருதித் திருவிருந்திற் பங்குகொள்ள மறுத்தார். திருவிருந்து பெறுக, அன்றேல் இல்லம் துறக்க என்பது கணவர் முடிவு. 1873-இல் மகள் மட்டும் உடன்வர, சிறுதொகை ஒன்றே ஜீவனாம்சமாகக் கொண்டு அம்மையார் வெளியேறினார். அடுத்த ஆண்டில் நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவைச் சந்தித்து, அவர்தம் இயக்கத்திற் சேர்ந்து, எழுத்தாலும் பேச்சாலும் புகழ் பெற்றார்.

அக்காலத்தில் மக்கட்பெருக்கம் பற்றிய விவாதம் இங்கிலாந்தில் மிகுந்திருந்தது. 1798-இல் மால்த்தூஸ் என்னும் குருவானவர், மக்கட்டொகை உணவுப் பெருக்கத்தினும் விரைந்து வளரும் இயல்பினதென்றும், பஞ்சமும் நோயும் அதனைக் குறைக்கும் என்றும் எழுதினார். இவரே பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலர்க்காக நிறுவிய கல்லூரியில் ஆசிரியராயமர்ந்து, இந்தியாவை ஆள வந்த இளைஞர் பலர்க்குப் பொருளியல் கற்பித்தார். காலந்தாழ்த்து மணத்தலும் தன்னடக்கமுமே அவர் காட்டிய நல்வழி. கருத்தடையை அவர் ஏற்றாரல்லர். அதனை ஏற்ற பிற்காலத்தார் புதிய மால்த்தூஸியர் எனப்பட்டனர்.

அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன் 1832-இல் எழுதிய சிறுநூல் ஒன்று கருத்தடை முறைகளை மருத்துவ நடையில் விளக்கியது. அஃது இங்கிலாந்தில் பல்லாண்டு அமைதியாக விலைபோயிற்று. பிரிஸ்டல் நகரில் அதனை விற்றவர் தண்டிக்கப்பட்டார். பதிப்பாளர் அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். செல்வர் தம் மருத்துவர் வாயிலாக அறியக்கூடிய ஒன்றினை ஏழைகள் ஆறு பென்னி கொடுத்து வாங்கிப் படித்தல் குற்றமாகுமோ என்று அம்மையாரும் பிராட்லாவும் கேட்டனர். 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தாமே ஒரு பதிப்பகம் தொடங்கி அந்நூலை மீண்டும் அச்சிட்டனர். விற்கும் நாளையும் இடத்தையும் அதிகாரிகட்கு முன்னரே எழுதியறிவித்துத் தம் கையாலேயே விற்றனர்.

அவ்வாண்டு ஜூன் 18-ஆம் நாள் தலைமை நீதிபதி காக்பர்ன் முன்னிலையில் வழக்கு தொடங்கியது. அம்மையார்க்கு வயது இருபத்தொன்பது. வழக்கறிஞர் எவரையும் அமர்த்தாது தாமே எழுந்து வாதித்தார். நெருங்கிய சேரிகளில் ஓரறையில் உறையும் பெருங்குடும்பங்கள், பால் சுரவாத தாய்மார், பிறந்த ஆண்டிலேயே இறக்கும் சிசுக்கள் ஆகியோரின் நிலையை மருத்துவர் நூல்களினின்றும் அரசாங்க அறிக்கைகளினின்றும் எடுத்துக் காட்டினார். நற்குடிப் பெண்டிர் காதிற் கேட்கவும் நாணிய பொருள் அது. ஜூரிமாரின் தீர்ப்பு விந்தையாயிருந்தது. நூல் ஒழுக்கத்தைக் கெடுக்கும், வெளியிட்டோர்க்கோ தீய நோக்கமில்லை என்றனர் அவர். ஆறு திங்கள் சிறையும் இருநூறு பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. மறு ஆண்டு மேல்முறையீட்டில் குற்றப்பத்திரிகையின் அமைப்புப் பிழை காரணமாகத் தண்டனை நீங்கியது. ஆண்டொன்றுக்கு எழுநூறு படிகள் அளவே விற்றுவந்த நூல் மூன்று திங்களில் 1,25,000 படிகள் விற்றது. அடக்க முயன்றவரே அதனைப் பரப்பினர். இங்கிலாந்தில் ஆயிரவர்க்கு 36 என 1876-இல் இருந்த பிறப்பு வீதம் 1901-இல் 29-க்குங் கீழ் இறங்கியது. இவ்வழக்கு ஒன்றே காரணமென்று கூறேன். இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இலண்டனில் இவ்வழக்கு நிகழ்ந்த அதே 1877-இல் நம் சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தாற் பாழாகிக்கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் மடிந்தோர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டவர் என்பர். நிவாரண வேலையில் மண் சுமந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமே போதுமெனக் கூலி குறைக்கப்பட்டது. தானியமோ துறைமுகங்களினின்று கப்பலேறிக்கொண்டிருந்தது. மக்கள் மிகுந்தமையாற் பஞ்சம் வந்தது என்று ஆள்வோர் பலர் கூறினர். அப்பஞ்சத்திற் பசித்த கைகள் வெட்டியதே சென்னை நகரூடே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி. அக்கால்வாய் வடக்கே எண்ணூர், பழவேற்காடு வழியாக நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை அடுத்துச் செல்கின்றது. மக்கட்டொகையைப் பற்றிப் பேசுங்கால் இதனை மறத்தலாகாது. பெருக்கம் ஒன்றே பசிக்குக் காரணமன்று, பங்கீடும் காரணமாம்.

வழக்கு முடிந்தபின் நோல்ட்டன் நூல் பழமைப்பட்டதெனக் கருதி, மக்கட்பெருக்க விதியைப் பற்றி அம்மையார் தாமே ஒரு சிறுநூல் எழுதினார். 1891-க்குள் அதன் 1,75,000 படிகள் இங்கிலாந்தில் விற்றன. புதிதாய்த் தோன்றிய மால்த்தூஸியக் கழகத்தின் செயலாளராகவும் பணியாற்றினார். இதற்கு அவர் கொடுத்த விலை பணமன்று. 1878-இல் கணவர் நீதிமன்றத்தை அணுகினார். இத்தகைய நூலை வெளியிட்ட நாத்திகப் பெண்ணிடம் சிறுமி வளர்தல் தகாதென்று தீர்ப்பாயிற்று. எந்த மேபலின் தொட்டிலருகே அவர் உறக்கம் துறந்தாரோ, அந்த மேபலை எட்டு வயது நிரம்புமுன் அவரிடமிருந்து பிரித்துச் சென்றனர். பிற தாய்மாரின் குழந்தைகளுக்காக வாதாடியவர் தம் குழந்தையை இழந்தார். ஆண்டுகள் பல கடந்து, மக்கள் இருவரும் வளர்ந்தபின் தாயைத் தேடி வந்தனர் என்பதே ஆறுதல்.

பின்னைய ஆண்டுகளில் அவர் சிந்தனை விரிந்தது. 1888-இல் இலண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலைச் சிறுமியரின் நிலையைக் கண்டு பத்திரிகையில் எழுதினார். வாரத்திற்குச் சில சிலிங்குக் கூலி. கால் அழுக்காயினும், பேசினும் அபராதம். வெண்பாஸ்பரத்தின் நச்சால் தாடையெலும்பு அழுகும் கொடிய நோய். ஏறக்குறைய 1,400 பெண்கள் வேலைநிறுத்தஞ் செய்து வெற்றி பெற்றனர். அவர்தம் சங்கத்திற்கு அம்மையார் செயலாளரானார். ஏழையின் துயர்க்கு அவன் பெற்ற பிள்ளைகள் மட்டுமல்லர், அவன் பெறாத கூலியும் அவன் உட்கொண்ட நஞ்சும் காரணம் என்பதனை இப்போராட்டம் தெளிவாக்கிற்று.

1889-இல் பிரம்மஞான சங்கத்திற் சேர்ந்த அம்மையார், 1891-இல் தம் நூலையே திரும்பப் பெற்றார். அச்சுரிமையை விற்கவும் மறுத்தார். மனிதன் அடக்கத்தால் உயரவேண்டும், கருத்தடையால் அன்று என்பது அவர் புதிய எண்ணம். சிறைக்கும் அஞ்சாது, மகளையும் இழந்து காத்த கொள்கையை ஒருவர் தாமே கைவிடுதல் வியப்பன்றோ? நிலையற்ற மனமென்று இகழ்ந்தார் பலர். நான் அவ்வாறு கருதேன். திருவிருந்தை மறுத்த அதே மனச்சான்றே இங்கும் பேசியது. ஆயினும் ஒன்று கூறவேண்டும்: எழுதியவர் திரும்பப் பெற்றாலும், படித்தறிந்த தாய்மாரிடமிருந்து அவ்வறிவைத் திரும்பப் பெற எவராலும் இயலவில்லை.

1893-ஆம் ஆண்டு நவம்பரில் அம்மையார் தூத்துக்குடியில் வந்திறங்கினார். அவர் வருமுன்னரே அவர் பழைய கொள்கை சென்னையை அடைந்துவிட்டது. பிராட்லாவைப் பின்பற்றிய சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் தத்துவ விவேசினி என்னும் தமிழ் இதழை நடத்தினர். மால்த்தூஸின் பெயர் தாங்கிய கழகம் ஒன்றும் அக்காலத்தில் இங்குத் தோன்றியது. காசியில் இந்துக் கல்லூரி நிறுவியது, 1907-இல் பிரம்மஞான சங்கத் தலைவியானது, 1916-இல் சுயஆட்சி இயக்கம் கண்டது, 1917-இல் உதகையிற் காவலில் வைக்கப்பட்டது, அவ்வாண்டே காங்கிரஸ் மகாசபையின் முதற்பெண் தலைவரானது ஆகியவை யாவரும் அறிந்தவை. அதே 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்திற்கும் அவரே முதல் தலைவி. 1933-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் அடையாற்றில் அவர் மறைந்தார்.

1952-இல் இந்திய அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டை நாட்டுத் திட்டமாகவே மேற்கொண்டது. அம்மையார் கேட்டது அறிவு. பிற்காலத்தில் வந்ததோ சிற்சில வேளை கட்டாயம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்னும் ஓராண்டில், எண்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர்க்கு அறுவை செய்யப்பட்டது. அவருள் விரும்பாதாரும் பலர். நம் தமிழ்நாட்டிலோ பெண்கல்வியும் சுகாதார நிலையங்களும் பெருகியமையாற் பிறப்பு தானே குறைந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு தாய்க்குச் சராசரி 1.8 குழந்தைகளே. அறிந்து முடிவு செய்யும் தாய் அரசாங்கத்தின் ஆணைக்குக் காத்திராள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் நம் நிலமும் நீரும் தூய்மையுற்றிருத்தல் வேண்டுமன்றோ? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலைப்புகை எழுகின்றது. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படர்ந்து, மீனவர் வலையும் படகும் கறுத்தன. தொட்டில்கள் குறைந்த நாட்டிலே கழிவு குறையவில்லை. ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கையை மட்டும் பழித்து நிற்போர்க்குத் தீப்பெட்டித் தொழிற்சாலை வாயிலில் நின்ற அம்மையாரின் வாழ்வு தக்க மறுமொழி. தாய்க்கு அறிவும், தொழிலாளிக்கு நேரிய கூலியும், ஆற்றுக்கும் கழிக்கும் காவலும் ஒருங்கே வேண்டும். பசித்தோர் வெட்டிய கால்வாய் இன்றும் அடையாற்றுப் பக்கமிருந்து பழவேற்காடுவரை கிடக்கின்றது. அதன் கரையில் நடக்கும் மாணவ நண்பர்கள் அந்நீரின் நிறத்தை ஒருமுறை நின்று நோக்குவார்களாக.